பெயர் அறியாப் பெட்டி

உலகில் நம் கண்ணுக்குப் புலனாகும் பொருள்கள் எண்ணில. அவற்றுள் பெயரும் பயனும் நாம் அறிந்தவை சில; அறியாதவை பல. அறியாத பொருளொன்று எதிர்ப்பட்டால் நம் மனம் வாளா இருப்பதில்லை; உடனே அதற்கு ஒரு பெயர் சூட்டி அமைதி பெற விழைகின்றது. அவ்வாறு சூட்டும் பெயரும் பெரும்பாலும் நாம் முன்னரே அறிந்த ஒன்றன் பெயராகவே அமைந்துவிடுகின்றது. கயிற்றைப் பாம்பெனக் கண்டு அஞ்சுவோனும், இப்பியை வெள்ளியெனக் கண்டு மகிழ்வோனும் இப்பிழைக்கு ஆளானவர்களே. இப்பிழையினின்று நீங்கும் நெறியை நம் முன்னோர் வகுத்து வைத்துள்ளனர். அந்நெறி பழைய நூல்களுக்கு மட்டும் உரியதன்று. பரண்மேற் கிடக்கும் பழம்பொருளுக்கும் உரியது. அதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் காண்போம்.

2010ஆம் ஆண்டில் யான் சிவகாசியில் தமிழாசிரியனாகப் பணிபுரிந்து வந்தேன். ஒருநாள் மாலை, என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் கவலை தோய்ந்த முகத்தோடு வந்தான்.

“ஐயா, எங்கள் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகின்றனர். பரண்மேல் ஒரு பெட்டி இருக்கின்றது. பாட்டியின் அண்ணன் வைத்துவிட்டுப் போன பெட்டியாம். அது வெடிப்பெட்டி, எவரும் தொடக்கூடாது என்று பாட்டி சொல்கிறார். பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்கவும் அச்சம். வீட்டில் வைத்திருக்கவும் அச்சம். ஊருக்கு வெளியே உள்ள பாழுங்கிணற்றில் போட்டுவிடலாம் என்று அப்பா கூறுகிறார். ஆனால் அண்ணன் நினைவாக எஞ்சியிருப்பது அஃது ஒன்றே என்று பாட்டி அழுகிறார்” என்றான்.

அவர்களுடைய அச்சத்தைப் பழித்தல் தகாது. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் பின்னர்த் தீப்பெட்டியும், அதன்மேல் ஒட்டும் வண்ணத் தாள்களை அச்சிடும் தொழிலும், பட்டாசும் சிவகாசியில் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன. மருந்தோடு வாழும் ஊரில் சிறு உராய்வும் சிறு பொறியும் பெருந்தீங்கு விளைத்தலை மக்கள் கண்கூடாகக் கண்டுள்ளனர். ஆதலின் இன்னதென்று அறியாத பெட்டியைத் தொடாதிருத்தல் அங்கே கோழைமையன்று, அறிவுடைமையே ஆகும். “நீயும் தொடாதே, எவரையும் தொடவிடாதே” என்று மாணவனிடம் கூறி, எம் பள்ளியின் அறிவியல் ஆசிரியரை உடன் அழைத்துக்கொண்டு அவன் வீட்டிற்குச் சென்றேன்.

அறிவியல் ஆசிரியர் ஏணியில் ஏறி, பெட்டியை அசைக்காமலே கைவிளக்கின் ஒளியில் நெடுநேரம் நோக்கினார். மருந்துப் பொடியோ, திரியோ, மின்கலமோ அதனுள் இல்லை என்பது உறுதியான பின்னரே அதனைக் கீழே இறக்கினார். முற்றத்தில் ஒரு பலகைமேல் அதனை வைத்தோம்.

ஒரு பொருளின் உண்மையை அறிதற்குரிய கருவிகளை நம் தருக்க நூலார் அளவை என்பர். அவற்றுள் தலையாயவை மூன்று. ஐம்பொறிகளால் நேரே அறிதல் காட்சி. கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்தல் கருதல். அறிந்தோர் சொல்லைக்கொண்டு தெளிதல் உரை. மலைமேல் எழும் புகையைக் கண்டு, அங்கே நெருப்பு உண்டு என உணர்தல் கருதலுக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இம்மூன்றும் அப்பெட்டியின்பால் எங்ஙனம் தொழிற்பட்டன என்பதைக் காண்போம்.

முதலாவது காட்சி. அது தேக்குப் பலகையாற் செய்த சிறு பெட்டி. மேற்புறத்தில் எபோனைட்டு எனப்படும் கருநிறத் தகடு பதிக்கப்பட்டிருந்தது. உள்ளே, அட்டைக் குழல் ஒன்றின்மேல் நூல் பொதிந்த செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அதனருகே, ஒன்றனுள் ஒன்று நுழையும் அரைவட்டத் தகடுகள் கொண்ட ஓர் உறுப்பு, அதன்மேல்.0005 என்னும் எண். மேல்தகட்டின் நடுவே, மூன்று திருகாணிகளால் இறுக்கிய பித்தளைக் கிண்ணம். கிண்ணத்துள் பயறளவினதாய் ஒரு சாம்பல்நிறக் கல் மின்னிக்கொண்டிருந்தது. அக்கல்லைத் தொடுமாறு மயிரிழை போன்ற கம்பியொன்று வளைந்து நின்றது. ஓரத்தில் இரண்டு மரைகள். அவற்றின் கீழே ‘ஏ’ என்றும் ‘ஈ’ என்றும் ஆங்கில எழுத்துகள். பெட்டியோடு ஒரு துணிப்பையில் காதில் அணியும் ஒலிக்கருவி இருந்தது. அதன் முதுகில் 2000 என்னும் எண் பொறிக்கப்பட்டிருந்தது.

கண்டவுடன் ஆளுக்கொரு முடிவு கூறினோம். “இது தந்தி அடிக்கும் பொறி” என்றான் மாணவன். “அந்த இரண்டு எழுத்துகளும் செய்தவரின் பெயரெழுத்துகள்” என்றார் அவன் தந்தையார். யானோ பேரறிஞன் போல, “கிண்ணத்தில் இருப்பது அஞ்சனக்கல். தீக்குச்சி மருந்தில் அதனைச் சேர்ப்பதுண்டு. தீப்பெட்டித் தொழிலில் கல்லின் தரம் பார்க்கும் கருவியாக இஃது இருத்தல் வேண்டும்” என்று கூறிவிட்டேன். சிவகாசியில் நெடுங்காலம் வாழ்ந்தமையால், காணும் பொருள்களில் எல்லாம் தீப்பெட்டியையே என் மனம் கண்டது. பாட்டியார் அதனை வெடிப்பெட்டி என்றதற்கும் யான் தரம் பார்க்கும் கருவி என்றதற்கும் அடிப்படை ஒன்றே. இருவரும் கல்லைப் பார்க்கவில்லை, ஊரையே பார்த்தோம்.

இரண்டாவது கருதல். அறிவியல் ஆசிரியர் சிறிதும் விரையாமல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். “தந்திப் பொறியாயின் செய்தி அனுப்புதற்குத் தட்டும் கட்டை ஒன்று இருத்தல் வேண்டும், இங்கே இல்லை. மின்சாரத்தால் தீ மூட்டும் கருவியாயின் மின்கலத்திற்கு இடம் இருத்தல் வேண்டும், அதுவும் இல்லை. காதில் அணியும் கருவி இருப்பதால், இது கேட்பதற்காகவே அமைந்தது என்பது தெளிவு. அக்கருவியில் உள்ள 2000 என்பது ஓம் என்னும் மின்தடை அளவு. மிக மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றினாலன்றி அவ்வளவு தடை அமையாது. மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் ஒலியாக்க வேண்டியவரே அத்துணைச் சுற்றுகளை அமைப்பர்” என்றார்.

பின்னர் அவர் கல்லைச் சிறு இடுக்கியால் எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, என்னையும் காணச் செய்தார். அதன் உடைந்த பக்கம் சின்னஞ்சிறு படிக்கட்டுப் போலத் தோன்றியது. ஒவ்வொரு படியும் செங்கோணமாக இருந்தது. “அஞ்சனக்கல் ஊசி ஊசியாகப் படிகமாகும், இதுவோ சதுரக் கட்டிகளாக உடைகின்றது. அஞ்சனக்கல் தன் பருமனுள்ள நீரைப்போல் நாலரை மடங்குக்குச் சிறிது மிகுதியான எடையே உடையது, இதன் எடை ஏழரை மடங்கு இருக்கும்” என்று கூறி, நிறுத்தும் காட்டினார். அக்கல் கலீனா என்னும் காரீயத் தாது. காரீயமும் கந்தகமும் சேர்ந்தது. அஞ்சனக்கல்லிலும் கந்தகம் உண்டு. ஆயின் அதனோடு சேர்ந்திருப்பது ஆண்டிமணி. கண்ணுக்கு இடும் சுருமாவில் இவ்விரு கற்களும் பெயர் மாறி வழங்குதல் உண்டு. ஆதலின் என் பிழை முன்னரே பலர் செய்த பிழைதான். எனினும் பிழை பிழையே. காரீயம் உடலுக்குத் தீங்கு விளைப்பதாதலின், கல்லைத் தொட்ட பின்னர்க் கை கழுவுமாறு ஆசிரியர் எங்களைப் பணித்தார்.

இப்போது உறுப்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்து பொருள் தந்தன. இரண்டு எழுத்துகளுள் முன்னது வான்கம்பியைக் குறிப்பது. பின்னது நிலக்கம்பியைக் குறிப்பது. அப்பெட்டி படிக வானொலி. மின்கலமும் மின்னிணைப்பும் இன்றிப் பாடும் வானொலி!

மாணவர்களே, மின்சாரம் இன்றி ஒரு கருவி எங்ஙனம் பாடும் என நீங்கள் வினவலாம். அதற்கு வேண்டிய ஆற்றல் வானொலி நிலையத்திலிருந்து அலையாகப் பரவி வருகின்றது. மத்திய அலை வரிசையில் அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 5 இலட்சம் முதல் 16 இலட்சம் முறை வரை ஊசலாடும். பேசுவோரின் குரலுக்கு ஏற்ப அவ்வலையின் உயரம் கூடியும் குறைந்தும் அமையும். உயரக் கட்டிய நீண்ட வான்கம்பியில் அவ்வலை படும்போது, கம்பியில் மிக நுண்ணிய மின்னோட்டம் எழுகின்றது. பல நிலையங்களின் அலைகளுள் வேண்டிய ஒன்றைத் தேர்வது கம்பிச்சுருளும் அரைவட்டத் தகடுகள் கொண்ட மின்தேக்கியும் ஆகும். ஊஞ்சலை அதன் காலத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையாலும் அஃது உயர எழும். காலம் தவறித் தள்ளினால் எழாது. அதுபோலத் தகடுகளைத் திருப்பி அமைக்கும் நிலைக்கு இயைந்த அலை ஒன்றே சுருளில் வலிவு பெறும்.

எனினும் அவ்வலையை அப்படியே காதுக்கருவிக்குச் செலுத்தினால் ஒலி எழாது. முன்னும் பின்னுமாக இலட்சக்கணக்கான முறை மாறும் மின்னோட்டத்திற்கு ஈடுகொடுத்து அதன் தகடு அசைய இயலாது. முன் தள்ளலைப் பின் இழுப்பு அழித்துவிடும். இங்கேதான் கல்லின் சிறப்பு விளங்குகின்றது. கொல்லன் உலைத்துருத்தியில் உள்ள தோல் மூடி, காற்றை ஒரு வழியே விட்டு மறுவழியை அடைத்துக்கொள்வதை நீங்கள் கண்டிருக்கலாம். அதுபோலக் கல்லும் அதனைத் தொடும் நுண்கம்பியும் மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகச் செல்லவிட்டு, மறுதிசையில் தடுக்கின்றன. பின் இழுப்பு நீங்கவே, குரலின் ஏற்றத்தாழ்வு மட்டும் எஞ்சிக் காதில் ஒலிக்கின்றது. கல்லின் எல்லா இடமும் இத்தன்மை உடையதன்று. நுண்கம்பியை இங்கும் அங்கும் மெல்ல வைத்து, நல்ல இடத்தைத் தேடிக் காணவேண்டும். மூச்சுப்பட்டாலும் அவ்விடம் தவறிப்போகும். மேல்நாட்டார் அக்கம்பியைப் பூனை மீசை என்று அழைத்தனர்.

இக்கல்லின் திறத்தைத் தொடக்கக் காலத்திலேயே கண்டவருள் ஒருவர் நம் நாட்டவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும். கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய ஜகதீச சந்திர போஸ், 1895ஆம் ஆண்டை ஒட்டி மக்கள் முன்னிலையில் ஒரு சோதனை நிகழ்த்தினார். கம்பித் தொடர்பு இன்றி மின்னலைகளைச் செலுத்தித் தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார். சிறிது வெடிமருந்தையும் பற்றச் செய்தார். கலீனாக் கல்லால் அலையை உணரும் கருவிக்கு அவர் 1901ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வேண்டினார். 1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் அது வழங்கப்பட்டது. சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலை ஈந்த கல்கத்தாவே இக்கல்லின் அறிவையும் உலகிற்கு ஈந்தது.

பெட்டி யாது என்பது விளங்கிற்று. எக்காலத்தது, எவ்வூரில் பாடியது என்பன விளங்கவில்லை. சுவடிகளை ஆராய்வோர், ஓலையில் ஒரு கையெழுத்தும் இடையிடையே வேறொரு கையெழுத்தும் காணின், முன்னது மூலம், பின்னது பிற்சேர்க்கை எனப் பகுத்துணர்வர். இப்பெட்டியிலும் அத்தகைய இருகை வேலை இருந்தது. கிண்ணத்தின் பின்புறத்தில், அரிசியிலும் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழல் ஒன்று பற்றாசு வைத்துச் சேர்க்கப்பட்டிருந்தது. பிற இணைப்புகளின் பற்றாசு மங்கியிருக்க, இதன் பற்றாசு மட்டும் பளிச்சென இருந்தது. அக்குழல் ஜெர்மானியம் என்னும் தனிமத்தாலான டயோடு. கல்லும் மீசையும் செய்யும் பணியைத் தடுமாற்றமின்றிச் செய்வது அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே கடைகளில் கிடைக்கலாயிற்று. ஆகவே பெட்டி முந்திய காலத்தது. டயோடு பிந்திய காலத்தது. மேலும், அடிப்பலகையின் உட்புறத்தில் வண்ணம் விலகி அச்சான தீப்பெட்டி ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. பிழைபட்ட அத்தகைய தாள் கழிவாகக் கிடைக்கும் இடம் சிவகாசி அச்சகம் அன்றோ? எனவே வேறெங்கோ பிறந்த பெட்டி சிவகாசியில் புத்துருப் பெற்றது எனக் கருதினோம்.

வானொலி வரலாறும் இக்கருத்துக்குத் துணை நின்றது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு சூலை 31ஆம் நாள் அது தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதன் தொடக்க ஆற்றல் 40 வாட். வீட்டு மின்விளக்கு ஒன்றின் அளவே. ஆர்வலர் சிலர் தம் கையாலே படிக வானொலி அமைத்துக் கேட்டு மகிழ்ந்த காலம் அது. பொருள் முட்டுப்பாட்டால் 1927ஆம் ஆண்டு கழகம் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938ஆம் ஆண்டு சென்னையிலும், 1939ஆம் ஆண்டு திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் அமைந்தன. சென்னை நிலையத்தின் அருகே பாடவல்ல கல்வானொலி, நெடுந்தொலைவில் உள்ள சிவகாசியில் ஊமையாகவே இருந்திருக்கும். 1963ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. சிவகாசியிலிருந்து அதன் நேர்த்தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டரே. ஊமைப் பெட்டிக்கு வாய் கிடைத்திருப்பின் அப்போதுதான் கிடைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது உரை. காட்சியும் கருதலும் இத்துணை தூரம் வந்து நின்றன. அதற்குமேற் செல்ல அறிந்தோர் ஒருவரின் சொல் வேண்டியிருந்தது. உ. வே. சாமிநாதையர் தமிழிற் பெரும்புலமை பெற்றிருந்தும், சீவக சிந்தாமணியில் வரும் சமணசமயச் செய்திகள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சமணர்களை நாடிக் கேட்டுத் தெளிந்தார். அதன் பயனாக 1887ஆம் ஆண்டு அக்காப்பியம் நன்முறையில் அச்சேறிற்று. வினவுதல் புலமைக்கு இழுக்கன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாங்களும் வானொலி பழுதுபார்த்து வந்த முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று பெட்டியைக் காட்டினோம். அவர் கண்ணாடியை அணிந்து ஒருகணம் நோக்கினார்; உடனே முகம் மலர்ந்தார். “இந்தப் பற்றாசு என் கை வைத்தது! அச்சகத்தில் வேலை செய்த என் நண்பன், சென்னையிலிருந்து திரும்பிய ஒருவரிடம் இப்பழம்பெட்டியை வாங்கி வந்தான். திருநெல்வேலி நிலையம் தொடங்கியபின், வேப்பமரத்திற்கும் மாடிச்சுவருக்கும் கம்பி கட்டிக் கல்லோடு இரவெல்லாம் போராடுவான். கல் நிலையாக நில்லாமையால் டயோடு வாங்கிச் சேர்த்தோம். அடுத்த ஆண்டே நோயுற்று மறைந்தான். அவனுக்கு இருபது அகவைதான்” என்று கூறிக் கண் கலங்கினார்.

அன்றிரவே சோதித்தோம். மாடியில் நீண்ட செம்புக் கம்பி கட்டினோம். மின்கம்பிகளுக்கு அருகே அது செல்லாதவாறு பார்த்துக்கொண்டோம். மற்றொரு கம்பியை ஈரமண்ணில் அறைந்த இரும்புக் குழாயோடு இணைத்தோம். இத்தகைய கருவியை வீட்டு மின்னிணைப்பில் ஒருபோதும் சேர்த்தல் ஆகாது. இடியும் மின்னலும் தோன்றும் பொழுதில் வான்கம்பியை அணுகுதலும் ஆகாது. அன்று வானம் தெளிந்திருந்தது. மாணவன் தகடுகளை மெல்லத் திருப்பினான். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. திடீரெனக் கையை உயர்த்தி எங்களை அமைதியாயிருக்கச் செய்தான். தொலைவில் எவரோ பேசுவது போன்ற மெல்லிய குரல். பின்னர் நாகசுர இசை. அதன்பின் திருநெல்வேலி வானொலி நிலையத்தின் பெயர்.

காதுக்கருவியைப் பாட்டியாரின் செவியில் வைத்தோம். அவர் அசையாமல் இருந்து கேட்டார். சிறிது நேரம் சென்றபின், “இப்போது நினைவு வருகிறது. எனக்கு அப்போது ஏழு எட்டு அகவை. அண்ணன் இதன்முன் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார். நான் கைநீட்டினால், ‘தொடாதே, வெடித்துவிடும்’ என்பார். அந்தக் கம்பி கலைந்துவிடக்கூடாது என்று அல்லவா அப்படிச் சொல்லியிருக்கிறார்! நாற்பத்தைந்து ஆண்டுகளாக என்னை ஏமாற்றிவிட்டாரே!” என்று கூறி, அழுதுகொண்டே சிரித்தார்.

மாணவர்களே, ஒரு தமையன் தங்கையிடம் விளையாட்டாகக் கூறிய சொல், அவன் மறைந்தபின் அப்பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது. மற்றொரு நாள் சென்றிருப்பின் பெட்டி பாழுங்கிணற்றில் மறைந்திருக்கும். அதனோடு அவ்விளைஞனின் ஆர்வமும் உழைப்பும் மறைந்திருக்கும். அவன் வீட்டிற்குள் வெடி வைத்தவன் என்னும் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும். புதிய வீட்டின் கூடத்தில் அப்பெட்டிக்கு ஓர் இடம் அமைத்தனர். ‘படிக வானொலி’ என்று எழுதி, அதன்கீழ் அவ்விளைஞனின் பெயரையும் என் மாணவன் தன் கையாலே எழுதி வைத்தான்.

அறியாத பொருளைக் கண்டால் முதலில் விலகி நின்று பெரியோர்க்கு அறிவித்தல் வேண்டும். தீங்கில்லை என்பது துணிந்தபின் பொறுமையோடு காணுதல் வேண்டும். கண்டதைக்கொண்டு கருதுதல் வேண்டும். கருதியதை அறிந்தோரிடம் வினவித் தெளிதல் வேண்டும். இம்மூன்றும் முற்றுப்பெறும் வரையில் ‘இஃது இன்னது’ என்று கூற நாவெழாமை நன்று. பொருள்களுக்கு மட்டுமன்றி மனிதர்க்கும் பெயர் சூட்டுமுன் இந்நெறியைக் கைக்கொள்வோமாக.